தமிழ்ச் சங்க ட்ரெஷரரை பாதியிலேயே தூக்க முடியுமா? ராபர்ட்ஸ் ரூல்ஸ் (கூட்டம் நடத்தற விதிகள் புக்) தெரிஞ்சவங்க சொல்லுங்க

கருவேப்பிலை:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல ஒரு சின்ன ஊர், எங்க சங்கத்துல 210 மெம்பர், போர்டுல ஏழு பேர். ஜனவரில பொங்கல் விழா முடிஞ்சுது, ட்ரெஷரர் இன்னும் கணக்கு காட்டல. ஸ்கூல் ஆடிட்டோரியத்துக்கு கட்டின டெபாசிட் திரும்பி வந்துச்சா இல்லையான்னு கூட ஒருத்தருக்கும் தெரியாது, பேங்க் லாகின் அவர்கிட்ட மட்டும்தான். போன மாசம் ரொம்ப நச்சரிச்சதுல ஒரு ஷூ டப்பாவ போட்டோ எடுத்து க்ரூப்ல போட்டு "இதோ கணக்கு"ன்னாரு, அதுல டப்பா மூடில இருக்கற சைஸ் நம்பர்தான் தெளிவா தெரியுது. பிரசிடெண்ட் அவரோட தோஸ்து, அஜெண்டால போட மாட்டேங்கறாரு. போர்டுல நாங்க நாலு பேர் ஒண்ணா இருக்கோம், வாட்ஸ்அப்லயே ஓட்டு போட்டு தூக்கிடலாம்னு ஒரு பேச்சு. செல்லுமா? பைலால, அதாவது சங்கத்தோட சொந்த விதிகள்ல, "ராபர்ட்ஸ் ரூல்ஸ் படி நடக்கும்"னு ஒரு வரி இருக்கு, ஆபீசரை நீக்கறத பத்தி தனியா எதுவும் இல்ல.

ஓரத்து சீட்:
ஏழுல நாலு மெஜாரிட்டிதானே, தூக்குங்க. எங்க சங்கத்துல அப்படித்தான் பண்ணோம், ஒருத்தரும் கேள்வி கேட்கல.

மினிட்ஸ் மாமா:
ஒருத்தரும் கேட்காததால தப்பிச்சீங்க தம்பி, செல்லும்னு அர்த்தம் இல்ல. கருவேப்பிலை, உங்க ட்ரெஷரரை யார் தேர்ந்தெடுத்தது? மெம்பர்கள் பொதுக்குழுவுல ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்திருந்தா போர்டுக்கு அவர நீக்க அதிகாரமே கிடையாது, பைலா அப்படி ஒரு அதிகாரம் குடுத்திருந்தா ஒழிய. போர்டு தனக்குள்ளயே தேர்ந்தெடுத்த ஆளுன்னா கதை வேற. அப்புறம் வாட்ஸ்அப் ஓட்டு. அத மறந்துடுங்க. ராபர்ட்ஸ் கணக்குல கூட்டம்னா எல்லாரும் ஒரே நேரத்துல ஒருத்தர் பேசறத ஒருத்தர் கேட்கணும், ஜூம்ல நடத்தறதுக்கே பைலால இடம் வேணும், மெசேஜ்ல ஆளுக்கொரு நேரம் கட்டைவிரல் போடறது கூட்டமே இல்ல. எல்லாத்துக்கும் மேல உங்க ஸ்டேட்டோட நான்ப்ராஃபிட் சட்டம் இருக்கு. முதல்ல அது, அடுத்து பைலா, அதுக்கு கீழதான் ராபர்ட்ஸ். சில ஸ்டேட்ல சட்டமே ஆபீசரை நீக்கற வழிய எழுதி வெச்சிருக்கும், அத பார்த்துட்டு மத்தத பேசுங்க.

இப்ப ஒரு வேலை பண்ணுங்க. ஆபீசர் எத்தனை வருஷம் இருப்பாருன்னு சொல்ற வரி பைலால இருக்கும், அத அப்படியே எழுத்து மாறாம இங்க போடுங்க.

கருவேப்பிலை:
மெம்பர்கள்தான் தேர்ந்தெடுத்தாங்க மாமா. வரி இதுதான்: "டூ இயர்ஸ் ஆர் அன்டில் தெயர் சக்சஸர்ஸ் ஆர் எலெக்டட்", அதாவது ரெண்டு வருஷம் 'அல்லது' அடுத்த ஆள் தேர்வாகற வரைக்கும்.

மினிட்ஸ் மாமா:
அந்த 'ஆர் அன்டில்'ல இருக்கற 'ஆர்'க்கு பைலா எழுதின புண்ணியவான எங்க இருந்தாலும் கும்பிடுங்க. அங்க 'ஆண்ட் அன்டில்'னு இருந்தாலோ, வெறும் 'டூ இயர்ஸ்'னு இருந்தாலோ, காரணம் காட்டித்தான் நீக்க முடியும், அதாவது விசாரணை கமிட்டி, எழுத்துல குற்றச்சாட்டு, மூடின கதவுக்குள்ள ட்ரையல், அவர் தரப்பு ஆள் வாதாடறதுன்னு ஒரு குட்டி கோர்ட்டே நடத்தணும். சின்ன சங்கத்துல அதுக்குள்ள பாதி பேர் பேச்சுவார்த்தைய முறிச்சிப்பாங்க. 'ஆர்' இருக்கறதால உங்களுக்கு அது வேண்டாம், அவர தேர்ந்தெடுத்த அந்த முடிவையே ரத்து பண்ணலாம்.

ரத்துக்கு மூணு வழி, எது கிடைச்சாலும் போதும். "ட்ரெஷரரை நீக்கும் தீர்மானம் வரும்"னு முன்கூட்டியே நோட்டீஸ் குடுத்திருந்தா சாதா மெஜாரிட்டி. குடுக்கலன்னா மூணுல ரெண்டு பங்கு. இல்லன்னா மொத்த மெம்பர்ல பாதிக்கு மேல, உங்களுக்கு அது 106 ஓட்டு, பொங்கலுக்கே அத்தனை பேர் வந்தாங்களான்னு பாருங்க. முதல் ரெண்டு வழிலயும் விழுந்த ஓட்டத்தான் எண்ணணும், சும்மா உட்கார்ந்திருந்தவங்கள எண்ணக்கூடாது. 64 பேர் வந்து அதுல 5 பேர் ஓட்டு போடலன்னா மீதி 59, நோட்டீஸ் இருந்தா 30 போதும், இல்லன்னா 40 வேணும். அந்த பத்து ஓட்டுக்காகவாவது நோட்டீஸ் குடுங்க. அதே கூட்டத்துல புது ஆளையும் போடணும்னா அதையும் நோட்டீஸ்லயே எழுதிடுங்க.

தி.நகர்வாசி:
நான் சென்னை, அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல மாட்டிக்கிட்டு இதை எல்லாம் பொறாமையோட படிக்கறேன். இங்க ராபர்ட்ஸ் எல்லாம் யாருக்கும் தெரியாது, 1975 சங்கங்கள் பதிவுச் சட்டமும் எங்க பைலாவும்தான். கமிட்டியோட காலம் மூணு வருஷத்துக்கு மேல போகக்கூடாது, மூணுல ஒரு பங்கு மெம்பர் சேர்ந்து மனு குடுத்தா ரெஜிஸ்ட்ரார் விசாரிக்கலாம். கையெழுத்து வாங்க ஃப்ளாட் ஃப்ளாட்டா ஏறினா காபி குடுக்கறாங்க, பேனாவ மட்டும் தொட மாட்டேங்கறாங்க. சரி, நீங்க தொடருங்க.

கருவேப்பிலை:
ரொம்ப நன்றி மாமா. இன்னும் ரெண்டு சந்தேகம். பிரசிடெண்ட் கூட்டத்துல இத எடுக்கவே விடலன்னா என்ன பண்றது? அடுத்து, ட்ரெஷரர் ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு க்ரூப்ல "நான் விலகிக்கறேன், நீங்களே பாத்துக்கோங்க"ன்னு போட்டுட்டு காலைல டெலிட் பண்ணிட்டாரு. ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. அதையே ராஜினாமான்னு எடுத்துக்கலாமா?

செம்பருத்தி:
ஸ்க்ரீன்ஷாட்ட நம்பாதீங்க. ராஜினாமான்னா பொறுப்புலேந்து விடுவிக்க சொல்ற ஒரு வேண்டுகோள்தான், எழுதி குடுக்கணும், அத ஏத்துக்கணும், அதுக்கு முன்னாடி அவரே வாபஸ் வாங்கிட்டா முடிஞ்சுது. அவர் விடியறதுக்குள்ள வாங்கிட்டாரு.

நான் எங்க ஊர் சங்கத்துக்கு மூணு வருஷம் ட்ரெஷரரா இருந்தவ, அதனால இன்னொன்னு சொல்றேன். ஐஆர்எஸ்க்கு (அமெரிக்க வரி ஆபீஸ்) வருஷா வருஷம் போற 990 படிவம் போயிருக்கான்னு உடனே பாருங்க. வருஷ வரவு வழக்கமா 50,000 டாலருக்குள்ள இருக்கற சங்கம்னா 990-என்னு ஆன்லைன்ல நாலு வரி, அஞ்சு நிமிஷ வேலை, ஆனா தொடர்ந்து மூணு வருஷம் போடலன்னா வரிவிலக்கு தானா ரத்தாயிடும். ஐஆர்எஸ் சைட்லயே தேடி பார்க்கலாம், அதுக்கு அவர் தயவு வேண்டாம். ஆள மாத்தறதுக்கு முன்னாடியே, இப்பவே ரெண்டாவது ஆளுக்கு பேங்க் லாகின் வாங்க பாருங்க. எங்க பேங்க்ல கையெழுத்து மாத்த செக்ரட்டரி கையெழுத்து போட்ட மினிட்ஸ் கேட்டாங்க, அதுவே மூணு வாரம் இழுத்துச்சு.

மினிட்ஸ் மாமா:
அம்மா சொன்னது அத்தனையும் சரி. பிரசிடெண்ட் விஷயம்: நோட்டீஸ எழுதி செக்ரட்டரிகிட்ட குடுங்க, பிரசிடெண்ட்கிட்ட இல்ல. கூட்ட அழைப்புல அத சேர்க்க வேண்டியது செக்ரட்டரியோட கடமை, பிரசிடெண்ட் பர்மிஷன் எதுக்கும் வேண்டாம். கூட்டத்துல அவர் "இது ஒழுங்கு இல்ல, எடுக்க முடியாது"ன்னா உடனே அந்த தீர்ப்ப எதிர்த்து அப்பீல், இன்னொருத்தர் அத ஆதரிச்சு செகண்ட் பண்ணணும், சபை ஓட்டு போட்டு முடிவு பண்ணும். சரிசமமா விழுந்தா சேர்மன் சொன்னது நிக்கும், அதனால உங்க ஆளுங்க அந்த நேரம் பார்த்து காபி வாங்க போயிட வேண்டாம். மோஷனையே (தீர்மானத்தையே) காதுல வாங்காம, விதிய மீறறீங்கன்னு எழுப்பற பாயின்ட் ஆஃப் ஆர்டரையும் அப்பீலையும் கண்டுக்காம அடுத்த ஐட்டம்னு போறாருன்னா, நீங்க நின்ன இடத்துல நின்னுக்கிட்டே ஓட்டுக்கு விடலாம். 1876ல ஹென்றி ராபர்ட் இந்த புக்க போட்டாரு, ஆர்மி இன்ஜினியர், அதுக்கு பல வருஷம் முன்னாடி ஒரு சர்ச் கூட்டத்த நடத்த சொல்லி அது கைமீறி போன அவமானத்துலதான் இதையெல்லாம் படிக்கவே ஆரம்பிச்சாரு. மூஞ்ச பார்த்து கை தூக்க சங்கடப்படறவங்க இருப்பாங்க, அதனால ரகசிய ஓட்டு வேணும்னு முதல்லயே ஒரு மோஷன் போடுங்க, அதுக்கு மெஜாரிட்டி போதும்.

ஓரத்து சீட்:
சரி மாமா, தப்புத்தான். எங்க பைலாவ இப்பத்தான் எடுத்து பார்த்தேன், 'ஆண்ட்'னு இருக்கு 😬

கருவேப்பிலை:
நோட்டீஸ் இன்னைக்கு செக்ரட்டரிக்கு அனுப்பிட்டேன். பொதுக்குழு அடுத்த மாசம் ஞாயித்துக்கிழமை, கோரம் (கூட்டம் செல்றதுக்கு குறைஞ்சது இருக்க வேண்டிய ஆளுங்க) 10 சதவீதம், அதாவது 21 பேர். வழக்கம் போல 12 மணிக்கு சாப்பாடு, 2 மணிக்கு கூட்டம்.

செம்பருத்தி:
கூட்டத்த முதல்ல வைங்கப்பா. பிரியாணி முடிஞ்சா 21 பேரு பார்க்கிங் லாட்லதான் இருப்பாங்க.