ஸ்பிரைட்டுக்குத் தமிழ்: அணங்கா, மிதவுருவா, உலவுருவா?

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலைக் கணினிக் கழகப் பிள்ளைகள் எண்பதுகளின் வீட்டுக் கணினி விளையாட்டுகள் பற்றி ஒரு சிறு கண்காட்சி வைக்கிறார்கள். அதற்கான பன்னிரண்டு பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். பதினொரு பக்கம் முடிந்தது. கொமடோர் 64 பற்றிய பக்கத்தில் ஒரே ஒரு சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன். ஸ்பிரைட், அதாவது விளையாட்டுத் திரையில் பின்னணிக்கு மேலே நகரும் சின்ன உருவம். அப்படியே எழுதலாம் என்று பார்த்தால், நேற்று வகுப்பில் சொன்னவுடன் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வந்தது குளிர்பானப் போத்தல். இவர்கள்தான் நிரல் எழுதப் பழகும் ஸ்கிராட்ச் மென்பொருளில் பூனையை நடக்க வைக்கிறார்கள், அங்கேயும் இதே சொல்தான், ஆகவே இப்போது நல்ல சொல் ஒன்று கிடைத்தால் அது கண்காட்சியோடு முடிந்துபோகாது. படவுரு என்று போட நினைத்தேன், அதைப் பலர் ஐகனுக்கு எழுதுகிறார்கள். உதவுங்கள்.

சாம்பல்தீவு ஐயா எழுதியது:

மகள், முதலில் வேரைப் பார்ப்போம். லத்தீனில் ஸ்பிரிட்டுஸ் என்றால் மூச்சு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, ஆவி என்றும் சின்னஞ்சிறு வனதேவதை என்றும் பொருள் கொண்டது. தமிழில் பாருங்கள், ஆவி என்ற ஒரே சொல் மூச்சையும் உயிரையும் பானையில் எழும்புவதையும் செத்தவன் திரும்பி வருவதையும் சுமக்கிறது. இரண்டு மொழிக்காரரும் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரே வழியில் நடந்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளின் புத்தகத்தில் ஆவி வேண்டாம். நம்மிடம் அணங்கு இருக்கிறது. குறள் 1081 'அணங்குகொல்' என்றே தொடங்குகிறது. எதிரே நிற்பது அணங்கா, மயிலா, பெண்ணா என்று பார்ப்பவன் தடுமாறுகிறான். இருபது புள்ளியில் வரைந்த உருவத்தைப் பார்க்கும் பிள்ளைக்கும் அதே தடுமாற்றம்தானே? அணங்கு என்றே போடுங்கள்.

அப்புறம், கணினி என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டில் கணனி என்றல்லவா எழுதி வந்தோம்?

உள்துறைமுக வீதித் தம்பி எழுதியது:

ஐயா, கணனிச் சண்டையை இன்னொரு நாளைக்கு வைப்போம், வெள்ளிக்கிழமை கிட்ட வருகிறது.

வேர் எங்கே போகிறது என்பதை விட, அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் நல்லது. 1982இல் வந்த கொமடோர் 64இல் விக்-2 என்ற காட்சிச் சில்லு (சிப்) இருந்தது. அது எட்டு ஸ்பிரைட் காட்டும், ஒவ்வொன்றும் 24 புள்ளி அகலம், 21 புள்ளி உயரம். பின்னணிப் படம் நினைவகத்தில் தன்பாட்டில் கிடக்கும். ஸ்பிரைட்டை அதற்குள் வரைவதே இல்லை. திரைக்குப் படம் போகும் அந்தக் கணத்தில்தான் சில்லு அதைப் பின்னணியோடு சேர்க்கிறது. இடத்தைச் சொல்லும் எண்களை மாற்றினால் போதும், உருவம் வேறிடத்தில் நிற்கும், பின்னணியில் ஒரு புள்ளிகூடக் கெடாது. இரண்டு உருவங்கள் முட்டிக்கொண்டால் அதையும் சில்லே குறித்து வைக்கும்.

அதே ஆண்டு வந்த ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியில் இந்த வசதி கிடையாது. அங்கே ஓர் ஆளை நகர்த்த, பின்னணியை எடுத்துப் பத்திரப்படுத்தி, ஆளை வரைந்து, பிறகு பின்னணியைத் திரும்பப் போட்டு, எல்லாவற்றையும் செயலியே செய்தாக வேண்டும். 8க்கு 8 புள்ளிக் கட்டம் ஒன்றுக்குள் இரண்டே நிறம் என்பதால், சிவப்பு ஆள் பச்சை மரத்தைக் கடந்தால் மரமும் சிவக்கும். ஆக, பின்னணியைத் தொடாமல் மிதப்பதுதான் இதன் உயிர். மித, உரு, சேர்த்தால் மிதவுரு.

ஐயாவுக்காக ஒன்று. புள்ளிக்கு ஒரு பிட் என்று 24ஐ 21ஆல் பெருக்கினால் 504 பிட், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் சரியாக 63 பைட்.

சாம்பல்தீவு ஐயா எழுதியது:

அறுபத்து மூவர்! தம்பி, அதைக் கட்டாயம் கையேட்டில் எழுதச் சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். மிதவுருவில் உடம்படுமெய் சரியாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் மிதப்பது என்றால் நமக்குத் தோணியும் தக்கையும்தான். அணங்கை விட மாட்டேன்.

நிலாவெளி அண்ணா எழுதியது:

எனக்குச் சங்க இலக்கியம் தெரியாது, விளையாடியது தெரியும். தொண்ணூறுகளில் எங்கள் ரியூசன் கொட்டிலில் ஒரு 386 கணினி இருந்தது. கரண்ட் இருக்கிற நாளில் டேவ், இல்லாவிட்டால் பிரின்ஸ், ஒருவர் விளையாட ஏழு பேர் பின்னால் நிற்போம். அந்த உருவத்துக்கு நாங்கள் வைத்த பெயர் ஆள். "எத்தனை ஆள் மிச்சம்?" "ஆள் கிடங்கில விழுந்திட்டான்." பிரின்ஸ் ஒஃப் பெர்சியாவைச் செய்த ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு அசைவையும் வரைந்தார், 1989இல், ஆப்பிள் 2க்காக. அந்தக் கணினியிலும் ஸ்பிரைட் சில்லு இல்லை. எங்களுக்கு அது எதற்கு? ஆள் ஓடினான், அவ்வளவுதான். ஆள் என்று போடுங்கள், இல்லையென்றால் ஸ்பிரைட் என்றே விடுங்கள். பஸ்ஸும் ரீவியும் வந்து தமிழ் அழியவில்லை. விளங்காத சொல்லைத் திணித்தால் பிள்ளை படிப்பை விட்டு ஓடும், அதுதான் எனக்குப் பயம்.

உள்துறைமுக வீதித் தம்பி எழுதியது:

அண்ணா, ஆள் எனக்கும் பிடித்த சொல். ஆனால் துவக்குச் சன்னமும் ஸ்பிரைட், பந்தும் ஸ்பிரைட். அதை ஆள் என்று எப்படிச் சொல்வது? பெயர் வைப்பதில் கம்பனிகளே ஒத்துப்போகவில்லை. 1979இல் வந்த அட்டாரி வீட்டுக் கணினிகள் இதே வசதியைப் பெரியது ஆட்டக்காரர், சிறியது ஏவுகணை என்று பிரித்தன. எம்எஸ்எக்ஸ் கணினிகளில் இருந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 9918 வகைச் சில்லு 32 ஸ்பிரைட் வைத்திருந்தது, ஆனால் ஒரே கிடைக்கோட்டில் நான்கைத்தான் காட்டும், ஐந்தாவது வந்தால் அந்தக் கோட்டில் அது மறைந்துவிடும்.

சாம்பல்தீவு ஐயா எழுதியது:

மறைகிறதா? பிறகென்ன தம்பி, அணங்குதான்.

நிலாவெளிப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. பஸ் தமிழின் வாய்க்குள் நுழையும். ஸ்பிரைட் மெய்யெழுத்தில் தொடங்குகிறது, தமிழ்ச் சொல் அப்படித் தொடங்காது. இசுப்பிரைட்டு என்று மாற்றினால் நீங்களே சிரிப்பீர்கள்.

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

தம்பி, அட்டாரி விஷயத்தை எழுதுகிறேன், ஆனால் ஏவுகணை என்ற இடத்தில் குண்டு என்று மாற்றிக்கொள்கிறேன். இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்டால் முகம் மாறுகிற அம்மப்பாக்கள் இருக்கிறார்கள்.

இன்று வகுப்பில் வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். கோணேசர் கோவிலுக்கு ஏறும்போது கோட்டைக்குள் மான் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கோட்டை நின்ற இடத்தில் நிற்கிறது, மான் மட்டும் உலவுகிறது, மான் போன பிறகும் மதில் அப்படியே இருக்கிறது என்றேன். உடனே விளங்கிவிட்டது. உலவுரு என்று வைத்தால் என்ன? ஆளுக்கும் பந்துக்கும் கப்பலுக்கும் பொருந்தும்.

சாம்பல்தீவு ஐயா எழுதியது:

உலவு என்பதில் உள்ள உகரம் முற்றியலுகரம். உயிர் வரும்போது அதுவும் சில இடங்களில் கெடலாம் என்று நன்னூல் 164 'முற்றும் அற்று ஒரோவழி' என இடம் கொடுக்கிறது, கதவழகு என்கிறோமே, அதுபோல. புணர்ச்சியில் குற்றமில்லை. ஆனால் மான் படுத்திருக்கும்போது என்ன செய்வீர்கள்? நகராமல் நிற்கிற உருவத்தையும் உலவுரு என்பதா?

உள்துறைமுக வீதித் தம்பி எழுதியது:

வினைத்தொகைதானே ஐயா. உலவிய, உலவுகிற, உலவும், மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது. ஊறி முடிந்த பிறகும் அது ஊறுகாய்தான். என் மிதவுருவை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், மான் அதை அடித்துவிட்டது.

நிலாவெளி அண்ணா எழுதியது:

உலவுரு எனக்கும் சரி. பேச்சில் ஆள் என்றுதான் சொல்வேன்.

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

தனி மடலில் எழுதிய இருவரும் உலவுரு என்கிறார்கள். அதையே போட்டுவிட்டேன். ஐயா, உங்கள் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும்.

சாம்பல்தீவு ஐயா எழுதியது:

இருக்கும். நகர்வது இதன் இயல்பல்ல மகள், நகர்வது அதன் பயன். பின்னணியோடு ஒட்டாமல் இருப்பதுதான் இயல்பு, தம்பி முதல் மடலிலேயே அதைச் சரியாகச் சொன்னார், பிறகு மானைக் கண்டு விட்டுவிட்டார். அணங்கும் அப்படித்தான், மலையில் இருக்கும், சுனையில் இருக்கும், ஆனால் மலையோ சுனையோ ஆகாது. சொல் பட்டியலில் உலவுருவுக்குப் பக்கத்தில் அணங்கையும் ஒரு வரியில் வையுங்கள். இருபது வருடம் கழித்து யாராவது தேடுவார்கள்.

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

வைத்தாயிற்று ஐயா, கடைசிப் பக்கத்தில் இடம் இருந்தது. 63 பைட்டும் இருக்கிறது. காலையில் அச்சகத்தில் கொடுக்கிறேன்.