தனியார் எஸ்டேட்டுக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பிரிவு 20(4) பொருந்துமா?

பந்தலூரான்: முதுகெலும்பில் அடிபட்டவர் பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதித் தந்தாலும் நிர்வாகம் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்றும், முடியாதவர் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம் என்றும் சேரம்பாடி ஐயா நேற்று எழுதியதைப் படித்து வயிறு எரிந்தது. என் அத்தை 2025 ஜூலையில் ஈரச் சரிவில் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு விழுந்தார். பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, சரிவில் நின்று பறிக்கக் கூடாது என்று அரசு மருத்துவர் எழுதிய சீட்டைக் கணக்குப்பிள்ளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மறுநாளும் அவரை அதே மேட்டுக்கே அனுப்பினார். போக மறுத்த நாளிலிருந்து வேலைப் பதிவேட்டில் அவருக்குப் பேர் போடவில்லை. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியானவரை நீக்கக் கூடாது, அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4) சொல்கிறது.

சேரம்பாடிக் கணக்கர்: தம்பி, அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) அரசுக் கழகம் என்பதால் அங்கே வேலை செய்பவர் அதைக் கேட்கலாம்; தனியார் தோட்டத்தில் கேட்க முடியாது. படிக்காமல் பிரிவு எண்ணை வீச வேண்டாம்.

பந்தலூரான்: பிரிவு 21 தனியாரையும் சேர்த்துத்தான் பேசுகிறது. எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்று அதில் இருப்பதை ஏன் மறைக்கிறீர்கள்?

சேரம்பாடிக் கணக்கர்: கொள்கையை அறிவிப்பது வேறு, மாற்று வேலை தருவது வேறு. நான் கேட்டது 20(4). அது தனியாருக்குப் பொருந்தாது.

கோத்தகிரி வாசகி: நீங்கள் இருவரும் 20(4)-ஐப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாவின் நாள்கள் கரைகின்றன. விபத்து, புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2025 நவம்பர் 21-க்கு முந்தையது என்பதால், 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி 2 ஆண்டுகளுக்குள் கோரிக்கை மனு போட வேண்டும். தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதக் கூலியில் 25 விழுக்காடும், சிகிச்சைக்குச் செலவான தொகையும் கிடைக்கும். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 விழுக்காடு வட்டி உண்டு. தகுந்த காரணம் இல்லையென்றால் பாதித் தொகை வரை அபராதமும் விதிக்கலாம். பேர் போடாததை வேலை மறுப்பு என்று எழுதித் தொழிலாளர் துறைச் சமரச அலுவலரிடம் தனியாக மனு கொடுங்கள். 45 நாளில் முடியாவிட்டால் தொழிலாளியே நேரே வழக்குத் தொடுக்கலாம். சீட்டின் நகல் இருக்கிறதா? அதைப் பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கு அனுப்பினீர்களா?

சேரம்பாடிக் கணக்கர்: அம்மா சொல்வது பணம், இங்கே கேள்வி மாற்று வேலை. பல ஆண்டுகள் செக்ரோல் (வருகைப் பதிவேடு) எழுதிய எனக்குத் தோட்டச் சட்டத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தம்பியின் தொழிற்சங்கம் கையெழுத்திட்ட கூலி ஒப்பந்தத்தில் அடிபட்டவருக்கு இலகு வேலை தர வேண்டும் என்று ஒரு வரியாவது சேர்த்ததா? போனஸ் பேச்சில் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

பந்தலூரான்: சங்கத்தை இழுக்காதீர்கள். காட்டெருமை முட்டி விலா உடைந்தவரைக் கவாத்துக்கு (தேயிலைச் செடி வெட்டும் வேலைக்கு) பேர் எழுதி அனுப்பியவர் நீங்கள்தான் என்பது உங்கள் லைன் வீடுகளில் இருந்த எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மருத்துவர் சீட்டு வெறும் காகிதம்.

சேரம்பாடிக் கணக்கர்: அன்று துரை (தோட்ட மேலாளர்) சொன்னார், நான் எழுதினேன். அந்தப் பழியை என் தலையில் கட்ட உங்கள் சங்கத் தலைவர் முயன்றதை நான் மறக்கவில்லை. தனியார் எஸ்டேட்டை 20(4) கட்டுப்படுத்தும் என்று ஒரே ஒரு தீர்ப்பைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

கோத்தகிரி வாசகி: சீட்டின் நகலைப் பற்றிக் கேட்டேன், இன்னும் பதில் இல்லை. மூலச்சீட்டு கணக்குப்பிள்ளையிடம் போய்விட்டது என்றால், அதே மருத்துவமனையில் புறநோயாளிப் பதிவைக் காட்டி இன்னொன்று வாங்கலாம்.

பந்தலூரான்: அதைப் பார்த்துக்கொள்ளலாம், அக்கா. முதலில் இவர் 20(4)-க்குப் பதில் சொல்லட்டும்.

சேரம்பாடிக் கணக்கர்: பதிலை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அரசு நிறுவனம் மட்டும்.