மிகிந்தலை: ஒரே நாளில் ஏறி இறங்க எந்த ஒழுங்கு நல்லது?

கேள்வி
அனுராதபுரத்தில் தங்கி, ஒரு நாள் மிகிந்தலைப் பௌத்த மலைத்தலத்துக்குப் போய்வர இருக்கிறோம். 1,840 படி என்கிறார்கள். எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது, எதை முதலில் பார்ப்பது? கூட வரும் ஒருவருக்கு முழங்கால் வலி. மேலே உள்ள ஆராதனைக் கல் என்ற பாறையில் ஏறுவது ஆபத்தா?

பதில் 1
படிகள் பயப்படும்படி இல்லை. கீழ்ப்பகுதியில் அகலமும் தாழ்வுமாக இருக்கும், ஈழத்தலரி நிழலும் உண்டு. உண்மையான சிக்கல் வெயில். மேலே அம்பஸ்தலைத் தூபியின் முற்றத்துக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்ற வேண்டும். அதற்கு மேல் மகாசேயா என்ற பெரிய தூபிக்கும் ஆராதனைக் கல்லுக்கும் வெறுங்காலோடுதான் நடை. வெயில் ஏறிவிட்டால் அந்தக் கல்லில் கால் வைக்க ஏலாது. ஆகவே விடிய முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், தூரம் 13 கிலோமீற்றர்தான். வழியில் எதற்கும் நிற்காமல் நேரே மேலே போங்கள்.

முதலில் ஆராதனைக் கல். பாறையில் கொத்திய சிறு படிகள், பக்கத்தில் இரும்புக் கம்பி. பாதை ஒடுக்கம் என்பதால் ஏறுபவரும் இறங்குபவரும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். ஆள் குறைந்த காலையில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு கையும் கம்பிக்கு வேண்டும், போனையும் போத்தலையும் பைக்குள் போடுங்கள். சூட்டுக்குக் காலுறை போடுபவர்கள் இந்த இடத்தில் மட்டும் அதைக் கழற்ற வேண்டும், தேய்ந்த பாறையில் வழுக்கும். மழை நாளில் ஏறவே வேண்டாம். பிறகு மகாசேயா. அனுராதபுரம் மேற்கே இருப்பதால் காலையில் வெயில் முதுகுப் பக்கம், அங்குள்ள ருவன்வெலிசாய தூபி பளிச்சென்று தெரியும். பின்னேரம் கண் கூசும்.

பதில் 2
முழங்கால் வலிக்காரர் பழைய வீதியால் வாகனத்தில் போசனசாலை (துறவிகளின் பழைய உணவுக்கூடம்) மட்டம் வரை போகலாம். அதற்கு மேல் அம்பஸ்தலைக்கு ஏறும் கடைசிப் படிகளைத் தவிர்க்க வழியில்லை. அவசரமில்லாமல் ஏறினால் போதும். இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் நோகும், ஒரு தடி உதவும்.

தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, வெள்ளை என்றால் நல்லது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது. சாப்பாட்டைப் பொலித்தீன் பையில் கையில் தூக்கிப் போகாதீர்கள், குரங்கு பறிக்கும்.

பதில் 3
இறங்கும் வழியை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். நாக பொக்குணை என்ற குளத்தில் பாறையோடு பாறையாகச் செதுக்கிய ஐந்து தலை நாகத்தைப் பாருங்கள். அந்தத் தண்ணீர்தான் கீழே சிங்க பொக்குணைக்கு வந்து சிங்கத்தின் வாயால் விழுந்தது. போசனசாலையில் சோற்றுக்கும் கஞ்சிக்குமான கல் தொட்டிகள் இருக்கின்றன. அருகே நிற்கும் இரண்டு பெரிய கற்பலகைகள் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, நான்காம் மகிந்த மன்னன் வைத்தது. துறவிகளின் ஒழுங்கும் மடத்துப் பணியாளரின் கூலியும் அதில் எழுதியிருக்கிறது. பெரும்பாலானோர் பார்க்காமலே கடந்துபோகிறார்கள். கடைசியாகக் கண்டக சேதியம் என்ற பழைய தூபி. அதன் வாகல்கட எனப்படும் முகப்புச் சிற்பங்களுக்கு அரை மணி ஒதுக்குங்கள்.

ஜூனில் வரும் பொசன் போயா என்ற பௌர்ணமியையொட்டிய நாட்கள் வழிபாட்டுக்கானவை, சனம் நிறைந்துவிடும். ஆறுதலாகச் சுற்றிப் பார்க்க வேறு நாள் எடுங்கள்.