புதுப்பிப்பு: முள்ளுக்கு முன்பின் எப்படித் தெரிகிறது?

சிறு விமானத்தில் உள்ள வானொலித் திசைகாட்டியின் முள் தரை நிலையத்தை நோக்கித் திரும்புவதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். நிலையம் முன்னாலா பின்னாலா என்பதை அது எப்படி அறியும் என்று கேட்டிருந்தீர்கள். அருமையான கேள்வி!

கல்லடிக் கடற்கரையில் சிறிய ரேடியோவில் மத்திய அலை நிலையமொன்றை வைத்து, பெட்டியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்ளே அன்ரனாவாக இருக்கும் பெரைட் கம்பியின் முனை நிலையத்தை நோக்கும்போது ஒலி அடங்கும். மறுமுனை நோக்கினாலும் அடங்கும், சிக்கலே அதுதான். ஆகவே விமானத்தில், இந்தக் கம்பிபோலவே திசையுணரும் வளைய அன்ரனாவுடன், எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி வாங்கும் இன்னோர் அன்ரனாவும் உண்டு. இரண்டின் சமிக்ஞைகளும் சேர்ந்தால் ஒரு பக்கம் வலுக்கும், எதிர்ப்பக்கம் அறுந்துவிடும்.

முள் காட்டுவது விமான மூக்கிலிருந்து உள்ள கோணத்தை மட்டுமே: முகத்திசை (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் மூக்கு நோக்கும் பாகை) 090, முள் 040 என்றால் நிலையம் 130 பாகையில்.

நம் கரையோரத்தில் இன்னொரு தொல்லை. கரையைச் சாய்வாகக் கடக்கும் வானொலி அலை சற்று வளையும், முள்ளும் சற்றுத் தவறாகக் காட்டும். இடிமழை நாளிலோ முள் மின்னல் பக்கம் ஓடிவிடும்.