தெற்கு சூடான் போகும் தம்பிக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்?

கேள்வி: தம்பி ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடான் போகிறான். பெட்டியில் எடைக் கட்டுப்பாடு, இணையமும் நிச்சயமில்லை. எந்தப் புத்தகங்களை அனுப்பலாம்?

பதில் 1: காவல் பணிக்கு நடுவே கிடைப்பது அரைமணி, ஒருமணி. அதனால் முதலில் சிறுகதைகள். புதுமைப்பித்தன், கு. அழகிரிசாமி இருவரையும் கட்டாயம் சேருங்கள். ஒரே மூச்சில் ஒரு கதை முடியும். விடுப்பு நாளுக்கு பொன்னியின் செல்வன். ஐந்து பாகத்தையும் அச்சில் சுமக்க வேண்டாம். கல்கி எழுத்துகள் நாட்டுடைமை என்பதால் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் மின்னூலாக இலவசமாகவே கிடைக்கும்.

பதில் 2: மின்னூல்களைப் படிக்க கின்டில் கருவி கொடுத்தனுப்பலாம். ஆனால் ஸ்கேன் செய்த பிடிஎஃப் போடாதீர்கள். 6 அங்குலத் திரையில் எழுத்து பொடியாகிவிடும், பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். எழுத்து அளவுக்கேற்ப வரி மடங்கும் யூனிகோட் இபப் (EPUB) கோப்பை அமேசானின் 'Send to Kindle' வழியாக ஏற்றி, ஒவ்வொன்றையும் திறந்து நாலு பக்கம் புரட்டிப் பாருங்கள். கிளம்பும் முன் ஏரோபிளேன் மோடில் வைத்தும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும்.

பதில் 3: அச்சில் இரண்டு புத்தகமாவது இருக்கட்டும் அக்கா, கூடாரத்தில் நாலு பேர் கைமாறிப் படிப்பார்கள். ஜிப் உறையில் போடுங்கள். அங்கே மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் ஒட்டு பைண்டிங் பிரிந்துவிடும்; தையல் பைண்டிங் தாங்கும்.