கொழுத்த குட்டிகளே திடீரென்று சாகின்றன, தீவனம்தான் காரணமா?

கேள்வி:
செம்மறிக் குட்டிகளுக்கு மக்காச்சோளத்தைத் தாராளமாக வைக்கத் தொடங்கியதிலிருந்து இந்தப் பிரச்சினை. சாயங்காலம் வயிறு முட்டத் தின்று படுத்த குட்டி காலையில் செத்துக் கிடக்கிறது, கழுத்து பின்னால் வளைந்து, கால் விறைத்து, உதைத்து உதைத்து மண்ணே பறிந்திருக்கிறது. மெலிந்த குட்டிகளுக்கு ஒன்றுமில்லை, மந்தையில் நன்றாக இருப்பவைதான் போகின்றன. மற்றவற்றுக்கும் தொற்றுமா?

பதில் 1:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் துள்ளுமாரி நோய் போலத்தான் இருக்கிறது. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் டி வகை பாக்டீரியா நல்ல ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும், அதனால் தொந்தரவு இல்லை. தானியம் திடீரென்று கூடி, செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்கு இறங்கினால் மளமளவென்று பெருகி எப்சிலான் நச்சை விடும். அந்த நச்சுக்கு முழு வீரியம் தருவது குட்டியின் செரிமான நொதியான ட்ரிப்சின்தான் என்பதுதான் கொடுமை. அது ரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்குகிறது. முட்டி மோதி அதிகம் தின்பது கொழுத்த குட்டி, அதனால் அதுதான் முதலில் விழும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றாது, ஆனால் அதே தீவனத்தைத் தின்னும் எல்லாவற்றுக்கும் அதே ஆபத்து.

பதில் 2:
இன்றே தானியத்தைக் குறைத்து உலர்தீவனம் போடுங்கள். மறுபடி ஏற்றும்போது இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், எல்லாக் குட்டியும் ஒரே நேரத்தில் நின்று தின்னும் அளவுக்குத் தொட்டி நீளமாக இருக்கட்டும். மழைக்குப் பின் தளதளவென்று வரும் இளம்புல்லிலும் இதே ஆபத்து உண்டு.

கேள்வி கேட்டவர்:
சரி, தானியத்தை நிறுத்திவிடுகிறேன். துடிக்கிற குட்டியை ஊசி போட்டுக் காப்பாற்ற முடியுமா?

பதில் 3:
துடிக்க ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் முடியாது, அதனால் தடுப்பூசியை நம்புங்கள். முதல் தடவை மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை, அப்புறம் வருடா வருடம். சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு கிடைக்கும். அடுத்து ஏதாவது செத்தால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், துள்ளுமாரியில் செத்த குட்டியின் சிறுநீரகம் குழைந்திருக்கும், ஆனால் நேரமானால் எந்த ஆட்டின் சிறுநீரகமும் குழைந்துவிடும், அதைவைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் வந்திருந்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ், மனிதருக்கும் தொற்றும் கொடிய நோய்) இருக்கலாம், நீங்களாகக் கத்தி வைக்கவே வேண்டாம்.