எல் மிரடோருக்கு ரயில் விடலாமா?

வழிப்போக்கன்:
குவாத்தமாலாவின் பெட்டேன் காட்டில் உள்ள எல் மிரடோர் என்ற பண்டைய மாயா நாகரிக நகரத்துக்குச் சாலை கிடையாது. கார்மெலிட்டா கிராமத்தில் வழிகாட்டியையும் கோவேறு கழுதையையும் அமர்த்திக்கொண்டு போக இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள் நடக்க வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர்தான். சுமார் 72 மீட்டர் உயரமுள்ள லா தாந்தா பிரமிடைக் காலில் வலுவோ கையில் காசோ உள்ளவர்கள் மட்டும்தான் பார்க்க வேண்டுமா? அங்கே நெடுங்காலம் அகழாய்வு செய்த ரிச்சர்ட் ஹான்சன் முன்வைத்த சிறு ரயில் யோசனை எனக்கு நியாயமாகவே படுகிறது.

மருதம்:
யாருக்கு நியாயம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1990இல் இந்தக் காட்டை உள்ளடக்கிய மாயா உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்ட பின், 1997இல் கார்மெலிட்டா மக்களுக்குக் காட்டைப் பயன்படுத்தும் உரிமை கிடைத்தது. சூயிங்கம்முக்கான சிக்லே மரப்பால் வடித்தும், பூங்கொத்துகளுக்கு ஏற்றுமதியாகும் ஷாத்தே ஓலை அறுத்தும், அளவோடு மரம் வெட்டியும் பிழைக்கும் அவர்களிடம் காடு பிழைத்திருக்கிறது. அதே காப்பகத்தில், சட்டம் முழுப் பாதுகாப்பு அளித்த லகுனா டெல் டிக்ரே பூங்காவிலோ மாட்டுப் பண்ணைகள் காட்டைப் பெருமளவு அழித்துவிட்டன. ரயில் வந்தபின் கழுதைக்காரருக்கு என்ன வேலை இருக்கும்?

வழிப்போக்கன்:
இதே பெட்டேனில் உள்ள இன்னொரு மாயா நகரமான திகாலுக்குச் சாலை போகிறதே, அங்கே காடு அழிந்ததா? நான்காம் கோயிலின் மரப்படிகளில் ஏறி நின்றால், மர உச்சிகளுக்கு மேலே மற்ற கோயில்களின் முகடுகள் மட்டுமே தெரிகின்றன. மேலும், சாலை போட்டால்தான் ஓரத்தில் குடியேற்றம் பெருகும். ரயிலில் வருபவர் நடுக்காட்டில் இறங்கி வேலி போட முடியாது.

நிலா:
இருவரும் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். எல் மிரடோரில் ஆறு இல்லை. மாயர்களே மழைநீரைத் தேக்கி வைத்துத்தான் வாழ்ந்தார்கள். இப்போது நடந்து போகும் குழுவுக்கே கழுதை முதுகில் குடிநீர் போகிறது. அதைவிட எனக்குக் கவலை தருவது, நீந்தும் உருவங்களோடு 2009இல் வெளிப்பட்ட சுண்ணச் சுதைச் சிற்பத் தொகுதி. மண்ணுக்குள் இருந்தவரை தப்பித்த சுதை, வெளிக்காற்றில் ஈரம் பட்டுப் பட்டே உதிரும். முதலில் அதற்குக் கூரையும் காவலும் உறுதியாகட்டும், பிறகு தண்டவாளத்தைப் பற்றிப் பேசலாம்.

வழிப்போக்கன்:
அந்தக் கூரைக்குப் பணம் பார்வையாளர்களிடமிருந்துதானே வர வேண்டும்? ரயிலையே கார்மெலிட்டா கூட்டுறவிடம் ஒப்படைத்தால் மருதம் அவர்களுக்குச் சம்மதமா?

மருதம்:
அவர்களே கேட்டால் சம்மதம். ஆனால் 2019இல் இந்தப் பகுதியின் பாதுகாப்புக்கும் சுற்றுலாவுக்கும் நிதி தரும் மசோதா அமெரிக்க செனட்டில் தாக்கலானபோது, தங்களைக் கலக்காமல் தங்கள் காட்டைப் பற்றி முடிவெடுக்கிறார்கள் என்று எதிர்த்தவர்களும் அதே பெட்டேன் சமூகங்கள்தாம்.